பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை: பொது பேமெண்ட் இடைமுகத்தில் வரும் பழுதுகளும் சரிசெய்யும் வழியும்

பல கேட்வேகளை (கார்டு, வங்கி வழியாகப் பணம் வசூலித்துத் தரும் சேவைகளை) ஒரே இடைமுகத்துக்குப் பின்னால் வைத்து ஓட்டுகிற எல்லாருக்கும் ஒரே ஆசைதான். ஸ்ட்ரைப், பேபால், ஏடியன், ரேஸர்பே என்று உள்ளே எது இருந்தாலும் ஆர்டர் பகுதிக்கு அது தெரியக் கூடாது, 'வசூல் செய்', 'ரத்து செய்', 'திருப்பிக் கொடு' என்று மூன்று நான்கு அழைப்புகளோடு வேலை முடிய வேண்டும். நானும் அப்படித்தான் எழுதினேன், அதன்பின் சில வருடங்களாக அதைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வருகிற புகார்கள் பெரும்பாலும் அதே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடிய காரணம் முதலில், கோடையே பிரித்துப்போட வேண்டிய காரணம் கடைசியில்.

எந்தப் புகார் வந்தாலும் முதலில் மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பக்கத்து பேமெண்ட் எண், கேட்வே கொடுத்த பரிவர்த்தனை எண், அந்த அழைப்புக்கு கேட்வே கொடுத்த ரிக்வெஸ்ட் ஐடி. நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) குறியுங்கள். இவை லாகில் (நிரல் எழுதி வைக்கும் பதிவில்) இல்லை என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைச் சேர்த்துவிடுங்கள். இவை கையில் இல்லாமல் கேட்வேயின் உதவிக் குழுவிடம் போனால், எந்தப் பரிவர்த்தனை என்று புரியவைப்பதிலேயே நாள் போய்விடும்.

## அறிகுறி: வாடிக்கையாளருக்குப் பணம் கழிந்துவிட்டது, நம் ஆர்டர் 'தோல்வி' என்கிறது

இதுதான் அடிக்கடி வருவது, மனிதர்களை அதிகம் நோகடிப்பதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, கேட்வேயின் டாஷ்போர்டில் அந்தப் பரிவர்த்தனையைத் தேடுங்கள். நம் ஆர்டர் எண்ணைக் கொண்டே தேட முடிய வேண்டும். அது முடியவில்லை என்றால் அடாப்டர் (ஒவ்வொரு கேட்வேயோடும் பேசும் நம் கோட் பகுதி) நம் எண்ணை கேட்வேக்கு அனுப்பவே இல்லை என்று அர்த்தம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருந்தால்: பணம் இன்னும் உங்களுக்கு வரவில்லை. வங்கி தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான், ஆனால் வாடிக்கையாளரின் செயலியில் அது கழிந்த மாதிரியே தெரியும். ஆர்டர் வேண்டும் என்றால் கேப்சர் செய்யுங்கள் (ஒதுக்கிய தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்), வேண்டாம் என்றால் ரத்து செய்யுங்கள். சும்மா விட்டுவிடாதீர்கள்.

அங்கே 'வெற்றி' என்று இருந்தால்: இந்த வரிசையில் பாருங்கள்.

வாடிக்கையாளர் பணம் கட்டியதும் தாவலை மூடிவிட்டாரா? நம் தளத்துக்குத் திரும்பி வரும் பக்கத்தில் மட்டும் ஆர்டரை உறுதி செய்கிற கோட் இருந்தால், மூடியவர்களின் ஆர்டர் எல்லாம் தொங்கும். வெப் சர்வரின் அணுகல் லாகில் திரும்பி வரும் முகவரிக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. உறுதி செய்யும் வேலையை வெப்ஹுக்கிடம் (நிலை மாறியதும் கேட்வே நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் செய்தியிடம்) கொடுங்கள், திரும்பும் பக்கம் நிலையைக் கேட்டுக் காட்டினால் போதும்.

வெப்ஹுக் வந்ததா? வரவே இல்லை என்றால் கீழே உள்ள வெப்ஹுக் பகுதிக்குப் போங்கள்.

வந்தது, ஆனாலும் தோல்வி என்றால், நிலைகளை மொழிபெயர்க்கும் பகுதியைத் திறங்கள். கேட்வே சொல்கிற பத்துப் பதினைந்து நிலைகளை நம் நிலைகளாக மாற்றும் இடத்தில், தெரியாத எதுவும் கடைசி 'எல்ஸ்' வழியாக 'தோல்வி'யில் விழும்படி எழுதியிருப்போம். நான் பார்த்த ஒரு அடாப்டரில் 'செயலாக்கத்தில்' என்ற நிலைக்கே இடமில்லை. கார்டுக்கு அது அவ்வளவாக வராது, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கும் முறைகளில் நாள் கணக்கில் அதிலேயே நிற்கும். தெரியாத நிலை வந்தால் தோல்வி என்று எழுதாதீர்கள். 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், ஒரு எச்சரிக்கை எழுப்புங்கள்.

அடுத்தது வரிசை. வெப்ஹுக்குகள் நடந்த வரிசையிலேயே வரும் என்று எந்த உறுதியும் இல்லை, ஸ்ட்ரைப் தன் ஆவணத்தில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. முதல் கார்டு மறுக்கப்பட்டு இரண்டாவது கார்டில் பணம் கட்டியவருக்கு, அந்த முதல் மறுப்புச் செய்தி தாமதமாக வந்து 'வெற்றி'யின் மேல் எழுதிவிட்டுப் போகலாம். இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: வெப்ஹுக்கில் வந்த நிலையை அப்படியே எழுதாமல், அதை 'போய்ப் பார்' என்கிற தட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டு, கேட்வேயிடம் தற்போதைய நிலையைக் கேட்டு வாங்கி எழுதுவது. ஒரு அழைப்பு கூடும். பரவாயில்லை.

கடைசியாக, செலவு அதிகமான காரணம். வசூல் அழைப்பு டைம்அவுட் ஆனது (பதில் வருவதற்குள் காத்திருக்கும் நேரம் முடிந்தது), நம் இடைமுகம் ஆம், இல்லை என்று இரண்டே பதில்களைத்தான் தெரிந்து வைத்திருந்தது, அதனால் டைம்அவுட் 'இல்லை' ஆகிவிட்டது. இதற்கு ஒட்டுப்போட முடியாது. இடைமுகத்தின் பதிலிலேயே குறைந்தது நான்கு வேண்டும்: ஆனது, மறுக்கப்பட்டது, வாடிக்கையாளர் இன்னொரு படி செய்ய வேண்டும், தெரியவில்லை. பிஎச்பி உலகின் ஆம்னிபே நூலகத்தில் வெற்றியா என்று கேட்பதோடு 'வேறு பக்கத்துக்கு அனுப்ப வேண்டுமா' என்றும் தனியாகக் கேட்க முடியும், அந்த மூன்றாவது பதிலை அவர்கள் சேர்த்தது சரியான முடிவு. நான்காவதை நீங்கள் சேருங்கள். அப்புறம் 'தெரியவில்லை' நிலையில் இருப்பவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்வேயிடம் கேட்டுத் தீர்க்கும் ஒரு பின்னணி வேலையும் வேண்டும்.

எப்போது வெளியே கேட்பது: டாஷ்போர்டில் பரிவர்த்தனையே இல்லை, ஆனால் வாடிக்கையாளரின் வங்கி அறிக்கையில் கழிவு உறுதியாக இருக்கிறது என்றால், உங்கள் கோடில் தேடுவதை நிறுத்துங்கள். கேட்வேயின் உதவிக் குழுவுக்கு எழுதுங்கள், வாடிக்கையாளரை அவருடைய வங்கியிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம்

பதறுவதற்கு முன், இரண்டுமே கேப்சர் ஆனவையா என்று பாருங்கள். ஒன்று ரத்தான ஒதுக்கீடாக இருந்தால் அது தானாக மறையும், எப்போது மறையும் என்பது வங்கியைப் பொறுத்தது. வாடிக்கையாளரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

இரண்டும் உண்மை என்றால், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அந்த இடைவெளி நிறையச் சொல்லும்.

ஒரு நொடிக்குள்: பட்டனை இரண்டு முறை தட்டியிருக்கிறார்கள். பட்டனை முடக்குவது அழகுக்கு நல்லது, ஆனால் உண்மையான காப்பு ஐடெம்பொடன்சி கீதான், அதாவது ஒரே வேண்டுகோள் இரண்டு முறை போனாலும் ஒரு முறை மட்டும் நடக்க வைக்கும் அடையாள எண். ஸ்ட்ரைப், ஏடியன் இரண்டும் ஐடெம்பொடன்சி கீ என்ற எச்டிடிபி தலைப்பிலும் (ஹெடரிலும்), பேபால் பேபால் ரிக்வெஸ்ட் ஐடி என்ற தலைப்பிலும் இதை வாங்குகின்றன. அடாப்டர் அதை அனுப்புகிறதா என்று பாருங்கள்.

உங்கள் டைம்அவுட் அளவுக்குச் சமமான இடைவெளி, 30 நொடி மாதிரி: மறுமுயற்சி. கீ அனுப்புகிறோமே என்பீர்கள். அந்தக் கீ எங்கே உருவாகிறது என்று பாருங்கள். மறுமுயற்சிச் சுழலுக்குள் உருவானால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ, கீ இல்லாததற்குச் சமம். கீயை உருவாக்கி, தரவுத்தளத்தில் எழுதி, அதற்குப் பிறகுதான் அழைக்க வேண்டும். எச்டிடிபி நூலகமே உங்களுக்குத் தெரியாமல் மறுமுயற்சி செய்கிறதா என்பதையும் பாருங்கள், வரிசையில் போட்ட வேலை இரண்டாவது முறை எடுக்கப்படுகிறதா என்பதையும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பழுது உண்டு. ஆர்டர் எண்ணையே கீயாக வைத்திருப்பார்கள். முதல் கார்டு மறுக்கப்படும், வாடிக்கையாளர் வேறு கார்டு போடுவார், மறுபடியும் பிழையே வரும். ஸ்ட்ரைப் ஒரு கீக்கு முதலில் கிடைத்த பதிலை, அது தோல்வியாக இருந்தாலும், வைத்துக்கொண்டு அதையே திருப்பித் தரும், விவரங்கள் மாறியிருந்தால் பிழை காட்டும். ஆகவே கீ ஆர்டருக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது, முயற்சிக்கு ஒன்று. ஒரே முயற்சியின் மறு அனுப்பலுக்குப் பழைய கீ, மனிதர் மறுபடி 'செலுத்து' தட்டினால் புதுக் கீ. கீகளைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருப்பதாக ஸ்ட்ரைப் சொல்கிறது, அதனால் மூன்று நாள் கழித்துப் பழைய கீயோடு மறுமுயற்சி செய்யும் வேலை எதுவும் உங்களிடம் இருக்கக் கூடாது.

இரண்டும் வேறு வேறு கேட்வேயில்: பொது இடைமுகம் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் வியாதி இது. 'முதல் கேட்வே பதில் சொல்லவில்லை என்றால் இரண்டாவதுக்குப் போ' என்று மாற்றுவழி எழுதியிருப்போம், எழுதும்போது பெருமையாகவும் இருந்திருக்கும். முதல் கேட்வே பணத்தை எடுத்துவிட்டது, பதில்தான் தாமதம். ஒரு கேட்வேயின் கீ இன்னொரு கேட்வேக்குத் தெரியாது, ஆகவே ஐடெம்பொடன்சி இங்கே காப்பாற்றாது.

எப்போது மாறலாம் என்பதைப் பிரித்து எழுதுங்கள். டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை) கிடைக்கவில்லை, இணைப்பே ஏற்படவில்லை என்றால் நம் வேண்டுகோள் போய்ச் சேரவே இல்லை, தாராளமாக அடுத்ததற்குப் போகலாம். தெளிவான மறுப்பு வந்தாலும் போகலாம், ஆனால் கார்டு காலாவதி, பணம் போதவில்லை மாதிரியான மறுப்புகளுக்கு எங்கே போனாலும் அதே பதில்தான். ஆனால் வேண்டுகோளை அனுப்பியாகிவிட்டது, பதிலுக்குக் காத்திருக்கும்போது நேரம் முடிந்தது என்றால் மாறவே கூடாது. முதல் கேட்வேயிடம் நிலையைக் கேட்டுத் தீர்த்த பிறகுதான் மற்றது. இந்த இரண்டு வகை டைம்அவுட்டையும் உங்கள் எச்டிடிபி நூலகம் தனித்தனிப் பிழையாகத் தருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

## அறிகுறி: தொகை தப்பு

நூறு மடங்கு கூடவோ குறையவோ: ஸ்ட்ரைப், ஏடியன், ரேஸர்பே நாணயத்தின் சிறிய அலகில் (பைசா, சென்ட்) முழு எண்ணாகக் கேட்கும், பேபால் '10.00' என்று புள்ளியோடு எழுத்தாகக் கேட்கும். மாற்றும் வேலை அடாப்டருக்குள் மட்டும் நடக்க வேண்டும், வெளியே எங்காவது யாராவது நூறால் பெருக்கியிருந்தால் அதை எடுங்கள்.

ஒரே ஒரு நாணயத்தில் மட்டும் தப்பு: எல்லா நாணயத்துக்கும் நூறு என்று எழுதியிருக்கிறது. ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று. ஐஎஸ்ஓ 4217 என்ற பன்னாட்டு நாணயக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து எடுங்கள், ஆனால் அதோடு முடியாது. ஹங்கேரியின் ஃபோரின்டுக்கு அந்தப் பட்டியலில் இரண்டு இடம், பேபாலோ தசமம் இல்லாமல்தான் வாங்கும். ஆகவே அடாப்டருக்கு அடாப்டர் விதிவிலக்கு அட்டவணை ஒன்று தேவைப்படும். டாலர், யென், தினார் மூன்றையும் வைத்துச் சோதனை எழுதிவிட்டால் இந்தப் பழுதில் பெரும்பகுதி வெளியே வராது.

ஒரு காசு மட்டும் குறைவு: மிதவைப் புள்ளி எண். ஜாவாஸ்கிரிப்டில் 19.99 ஐ 100 ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும், அதை முழு எண்ணாக வெட்டினால் 1998. பணத்தை எங்கேயும் ஃபுளோட்டில் வைக்காதீர்கள், முழு எண்ணும் நாணயக் குறியீடும் சேர்ந்த ஒரே பொருளாக வையுங்கள்.

## அறிகுறி: வெப்ஹுக் வரவில்லை, அல்லது கையொப்பம் பொருந்தவில்லை

முதலில் கேட்வேயின் பக்கத்தில் அனுப்பிய வரலாற்றைப் பாருங்கள், நாம் என்ன பதில் (எச்டிடிபி எண்) கொடுத்தோம் என்று அங்கேயே இருக்கும்.

403 அல்லது 419: போலி வேண்டுகோளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு மறித்திருக்கும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குங்கள், காப்பு வேலையைக் கையொப்பம் (செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று ரகசியச் சாவியால் காட்டும் குறி) பார்த்துக்கொள்ளும்.

301 அல்லது 302: முகவரியில் எச்டிடிபிஎஸ் இல்லை, அல்லது கடைசிச் சாய்கோடு மாறியிருக்கிறது. திருப்பிவிடுவதைப் பின்தொடர்ந்து வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், இறுதி முகவரியையே கொடுங்கள்.

டைம்அவுட்: வெப்ஹுக்குக்குள்ளேயே மின்னஞ்சல் அனுப்பி, ரசீது தயாரித்து, சரக்கைக் கழித்து எல்லாம் செய்கிறீர்கள். வாங்கி, சரிபார்த்து, எழுதி வைத்து, உடனே 200 கொடுங்கள். மற்றதெல்லாம் வரிசையில். பதில் கிடைக்காவிட்டால் அவர்கள் மறுபடி அனுப்புவார்கள், ஸ்ட்ரைப் நேரலையில் மூன்று நாள் வரை முயலும், ஆகவே ஒரே நிகழ்வு இரண்டு முறை வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு நிகழ்வு எண்ணைத் தரவுத்தளத்தில் தனித்துவமாக வையுங்கள்.

கையொப்பம் பொருந்தவில்லை: முதலில் ரகசியச் சாவி. சோதனைக்கு ஒன்று, நேரலைக்கு ஒன்று, முகவரிக்கு முகவரியும் மாறலாம். சாவி சரி என்றால், ஃபிரேம்வொர்க் ஜேசனை (வெப்ஹுக்கின் தரவு வரும் எழுத்து வடிவை) பிரித்துவிட்டு நாம் திரும்பக் கட்டியதை வைத்துக் கணக்குப் போடுகிறோமா என்று பாருங்கள். ஒரு இடைவெளி மாறினாலும் போச்சு. வந்த வேண்டுகோளின் கன்டென்ட் லெங்த்தையும் நாம் கணக்குப்போடும் உடலின் (செய்தி உள்ளடக்கத்தின்) பைட் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் லாகில் எழுதுங்கள், வேறுபட்டால் காரணம் அதுதான். சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் உடைகிறது என்றால் அவர்கள் பெயரில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரி, எல்லாமே தோற்கிறது என்றால் சர்வரின் கடிகாரம். ஸ்ட்ரைப்பின் நூலகங்கள் இயல்பாக 5 நிமிட வித்தியாசம்தான் பொறுக்கும்.

இதற்கும் மேல் போனால் நடுவில் இருக்கும் பிராக்ஸியோ ஃபயர்வாலோ உடலை மாற்றுகிறது. அதை நிர்வகிப்பவரைக் கூப்பிடுங்கள். சரிபார்ப்பை 'தற்காலிகமாக' அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள், முகவரி தெரிந்த எவரும் 'பணம் வந்தது' என்று எழுதி அனுப்பலாம்.

## அறிகுறி: வங்கிப் பக்கத்திலிருந்து திரும்பியவர் லாக்அவுட் ஆகி நிற்கிறார்

போன முகவரியில் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' இருந்து திரும்பும் முகவரியில் இல்லையா என்று முதலில் பாருங்கள், குக்கீ இரண்டுக்கும் சேராது.

அது சரி என்றால், கேட்வே போஸ்ட் முறையில் (படிவம் சமர்ப்பிக்கும் முறையில்) திருப்பி அனுப்புகிறதா? குரோம் 80, 2020 பிப்ரவரியிலிருந்து, சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கீயை அனுப்பலாமா என்ற குறிப்பு) குறிப்பிடாத குக்கீயை 'லாக்ஸ்' என்று எடுத்துக்கொள்கிறது, வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு அதை அனுப்பாது. இதில் ஏமாற்றும் விஷயம், குக்கீ எழுதி இரண்டு நிமிடத்துக்குள் என்றால் குரோம் விலக்கு கொடுத்து அனுப்பிவிடும். நாம் சோதிக்கும்போது சட்டென்று முடித்துவிடுவோம், எல்லாம் ஓடும். ஓடிபி வரக் காத்திருந்த வாடிக்கையாளர் மாட்டுவார். மூன்று நிமிடம் காத்திருந்து சோதியுங்கள்.

செஷன் இல்லாமலேயே இயங்குமாறு திரும்பும் முகவரியை எழுதுங்கள். பேமெண்ட் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, 303 (திருப்பிவிடும் பதில்) கொடுத்து நம் பக்கத்துக்கே கெட் முறையில் அனுப்பினால் லாக்ஸ் குக்கீ வந்துவிடும். எல்லாக் குக்கீக்கும் சேம்சைட்டில் 'நன்' (எங்கிருந்து வந்தாலும் அனுப்பு) போட்டுத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது கதவைக் கழற்றி வைப்பது போல, செய்யாதீர்கள்.

## அறிகுறி: ரீஃபண்ட் மறுக்கப்படுகிறது

இன்னும் கேப்சர் ஆகாத தொகைக்கு ரீஃபண்ட் கேட்கிறீர்களா? அதற்கு ரத்துதான். ஏடியனில் இரண்டில் எது பொருந்துமோ அதைச் செய்யும் 'ரிவர்சல்' அழைப்பே உண்டு, எல்லா கேட்வேயிலும் இல்லை, அதனால் அடாப்டர் நிலையைப் பார்த்து முடிவெடுக்கட்டும். ஏற்கனவே பாதி கொடுத்துவிட்டு முழுத் தொகை கேட்கிறீர்களா? கேட்வே கணக்கில் இருப்பு இருக்கிறதா? பேபாலில் 180 நாள் தாண்டிவிட்டதா? இந்த நான்கில் முடிந்துவிடும். கேப்சர் மறுக்கப்பட்டால் ஒதுக்கீடு காலாவதியாகியிருக்கும். இணையக் கார்டுகளுக்கு ஸ்ட்ரைப்பில் பொதுவாக 7 நாள், பேபாலில் 29 நாள், அதிலும் பணம் உறுதி என்பது முதல் 3 நாளுக்குத்தான். கால அளவை இடைமுகத்தில் அடாப்டர் சொல்லும் தகவலாக வையுங்கள்.

ரீஃபண்ட் 'ஏற்கப்பட்டது' என்று வந்தபின் தோற்கவும் கூடும், மூடப்பட்ட வங்கிக் கணக்கு ஒரு உதாரணம். அப்போது வாடிக்கையாளருக்குப் பணம் எப்படிச் சேர்ப்பது என்பது கேட்வேயோடு பேசி முடிக்க வேண்டியது.

## அறிகுறி: சோதனையில் ஓடியது, நேரலையில் ஓடவில்லை

சாவி மாறியிருக்கிறதா, நேரலைக்கு வெப்ஹுக் முகவரி தனியாகப் பதிந்தீர்களா, அந்தப் பேமெண்ட் முறை உங்கள் கணக்கில் இயக்கப்பட்டிருக்கிறதா, 4242 சோதனைக் கார்டையே போட்டுப் பார்க்கிறீர்களா. பத்தில் எட்டு இதற்குள் வரும். மிச்சம் பெரும்பாலும் 3டி செக்யூர் (கார்டு வங்கி கேட்கும் கூடுதல் சரிபார்ப்பு), சோதனையில் அது கேட்காத கார்டையே எல்லாரும் பயன்படுத்தியிருப்பார்கள். கணக்கே முழுதாகச் செயல்படுத்தப்படவில்லை என்றால் கோடில் தேடிப் பயனில்லை, கேட்வேயிடம் கேளுங்கள்.

## அறிகுறி: மாதக் கணக்கு வங்கியோடு பொருந்தவில்லை

கட்டணம் கழித்து வந்த தொகையை முழுத் தொகையோடு ஒப்பிடுகிறீர்களா, நாள் மாறும் நேரம் இரண்டு பக்கமும் ஒன்றா, ரீஃபண்டும் டிஸ்பியூட்டும் (வாடிக்கையாளர் வங்கி வழியாக எதிர்த்த தொகையும்) அடுத்த பட்டுவாடாவில் (கேட்வே நம் வங்கிக்கு அனுப்பும் தொகையில்) கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்வேயின் பட்டுவாடா அறிக்கையை வரிக்கு வரி நம் பேமெண்ட் எண்ணோடு சேர்த்துப் பார்க்கும் வேலையை இடைமுகத்தின் பகுதியாகவே எழுதுங்கள், அது தினமும் ஓடட்டும். மேலே சொன்ன முதல் இரண்டு பழுதையும் வாடிக்கையாளருக்கு முன்பே அது கண்டுபிடித்துக் கொடுக்கும். நாணய மாற்று வித்தியாசத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்வி வந்தால் கணக்காளரிடம் போங்கள், நாமாக ஒரு 'சரிக்கட்டல்' வரி போடக் கூடாது.

## அறிகுறி: லாகில் கார்டு எண் தெரிகிறது

இதைப் பார்த்த நிமிடம் மற்ற வேலைகளை நிறுத்துங்கள்.

பெரும்பாலும் காரணம் எளிது: பிழை வரும்போது முழு வேண்டுகோளையும் லாகில் கொட்டுகிற ஒரு வரி. அதை எடுங்கள். 13 முதல் 19 இலக்கம் உள்ள எண்களைத் தேடி லூன் சோதனையில் (கார்டு எண் செல்லுமா என்று பார்க்கும் இலக்கக் கணக்கில்) தேறுபவற்றை மட்டும் எடுத்தால் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தெரியும். பிழை கண்காணிப்புச் சேவை, காப்புப் பிரதி, யாராவது கணினியில் இறக்கி வைத்தது எல்லாவற்றிலும் தேடுங்கள்.

அடுத்த காரணம் இடைமுகத்தின் வடிவம். ஆம்னிபே, ஆக்டிவ்மெர்ச்சன்ட் போன்ற பழைய பொது நூலகங்களில் கார்டு எண்ணையே பொருளாகக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பார்த்து நாமும் வசூல் அழைப்புக்குக் கார்டு எண்ணை வாங்கியிருப்போம். அதை டோக்கனாக (எண்ணுக்குப் பதிலாக கேட்வே தரும் குறியீடாக) மாற்றுங்கள். எண் கேட்வே தரும் புலத்திலோ பக்கத்திலோ நேரடியாக உள்ளிடப்பட வேண்டும், நம் சர்வரைத் தொடவே கூடாது. கார்டின் பின்புறத்து மூன்று இலக்க எண்ணை அனுமதி முடிந்தபின் மறையாக்கம் செய்துகூட வைத்திருக்க பிசிஐ டிஎஸ்எஸ் (கார்டுத் தரவுப் பாதுகாப்புத் தரநிலை) விடுவதில்லை. 3.2.1 பதிப்பு 2024 மார்ச் 31 அன்று விலக்கப்பட்டு 4 ஆம் பதிப்பு வந்தபோதும் அந்த விதி அப்படியே நிற்கிறது.

லாகை உடனே அழித்துவிடக் கை துடிக்கும். அழிக்காதீர்கள். யாரும் திறக்க முடியாதபடி அணுகலை அடைத்துவிட்டு, யார் யார் ஏற்கனவே பார்த்திருக்க முடியும் என்பதை எழுதிவைத்துக்கொண்டு, உங்கள் கார்டு பரிவர்த்தனைகளை ஏற்கும் வங்கிக்கோ கேட்வேயின் பாதுகாப்புக் குழுவுக்கோ தெரிவியுங்கள். தகுதிபெற்ற பிசிஐ மதிப்பீட்டாளர் ஒருவரையும் அன்றைக்கே கூப்பிடுங்கள். எதை எப்போது அழிக்கலாம் என்பதை அவர் சொல்லட்டும்.